பேட்டரியில் ஒரு பல்ப்

வலியசாலை ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மாமியும் அவர் பக்கத்து வீட்டுப் பெண்ணும் நின்றிருந்தார்கள்.

"என் பங்கு மண்ணெண்ணெயை நீயே வாங்கிக்கோ. எங்காத்துக்கு இனி வேண்டாம்."

"தினம் அரைமணி லோட்ஷெட்டிங் இருக்கே மாமி?"

"எங்காத்து மாமா பாட்டு கேக்க ஒசந்த வால்வு ப்ரீஆம்ப்னு, ஆம்ப்ளிஃபையருக்கு முன்னாடி மாட்டற பெட்டி ஒண்ணு வாங்கியிருக்காராக்கும். பேட்டரில ஓடறது. கரண்ட்ல ஓடினா இரைச்சல் வருமாம்."

"அப்போ கரண்ட் போனாலும் பாட்டு கேக்கலாம்!"

"எங்கே? ஸ்பீக்கருக்குப் போற ஆம்ப்ளிஃபையர் கரண்ட்லதானே ஓடறது. அதான் அந்த அரைமணிக்குப் பேட்டரில ஒரு பல்பை மாட்டிட்டேன்."

"மாமா கோவிச்சுக்கலையா?"

"பாட்டுல இரைச்சல் வந்துடும்னார். பாட்டே இல்லாதப்போ இரைச்சல் எங்கேந்து வரும்னேன். அந்த வெளிச்சத்துல பேப்பரை விரிச்சுண்டார்."