ரத்துக்கு ஒரு காரணம்

தேவசுந்தரி: மறுபடி சொல்லு நாகேஷ். ஹைகோர்ட்டு ஜட்ஜு என்னைக் கூப்ட்டு இன்னா கேப்பாரு?

நாகேஷ்: "யாராச்சும் மிரட்டிக் கூட்டியாந்தாங்களா"ன்னு கேப்பாரு, ஆன்ட்டி.

தேவசுந்தரி: மிரட்டுனதே நான்தான். திருத்தணியில உன்னை ரயில் ஏத்துறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிருச்சு.

நாகேஷ்: அரக்கோணம் வருது. எறங்கித் திரும்பிடலாம்...

தேவசுந்தரி: உக்காரு.

நாகேஷ்: வேணாம் ஆன்ட்டி. கேஸு நடக்கட்டும். ரெண்டு வருஷம் உள்ள போட்டா இருந்துட்டு வரேன். என்னால தானே உங்க சாம்...

தேவசுந்தரி: உங்கம்மா மூணு வருஷமா என்னைப் பாத்தா தெரு மாறிப் போறாங்க. "என் புள்ள ஓட்டித்தானே உங்க புள்ள போயிட்டான்"னு என் வாசல்ல வந்து அழுதவங்க. அத நெனச்சுப் பாத்தியா நீ? அதனால இந்தக் கேஸு இன்னியோட ரத்தாகிப் போகணும்.

நாகேஷ்: வக்கீல் முரளிதரன் சார் சொன்னது மறந்து போச்சா? சாவு கேஸுல பெத்தவங்க மன்னிச்சா மட்டும் பத்தாது. இத நடத்துறதே அநியாயம்னு ஜட்ஜுக்குப் படணும். அதுக்கு காரணம் வேணும்.

தேவசுந்தரி: காரணம் இருக்குது.

நாகேஷ்: கோர்ட்டுக்குக் குடுத்த உங்க தாளுல "மன்னிச்சிட்டேன்"னு மட்டும்தானே எழுதிருக்குது?

தேவசுந்தரி: நேத்து சாயங்காலம் வக்கீலாண்ட இன்னொரு தாள் எழுதிக் குடுத்துட்டு வந்தேன். கையெழுத்தும் போட்டாச்சு.

நாகேஷ்: எனக்குத் தெரியாமயா? அதுல இன்னா எழு...

தேவசுந்தரி: மொதல்ல சாப்புடு. தயிர்சாதம். முட்டை தொடாத கரண்டி, பயப்படாத.

நாகேஷ்: பசிக்கல ஆன்ட்டி. ஜட்ஜு கேட்டா போலீஸுல சொன்னதத்தான் சொல்லுவேன். நான்தான் ஓட்டினேன். கே.ஜி.கண்டிகை வளைவுல பிரேக்கு புடிச்சேன், நிக்கல. சாம் பின்னாடி உக்காந்துகினு இருந்தான்.

தேவசுந்தரி: எந்தக் கையில பிரேக்கு புடிச்ச?

நாகேஷ்: ...வலது கையில.

தேவசுந்தரி: ஆங்.

நாகேஷ்: ஏன் கேக்கறீங்க?

தேவசுந்தரி: அதுக்கு முந்தின வருஷம் ஒரு தபா விழுந்து காலு ஒடச்சுகினானே சாம், அப்ப பைபிள் மேல கை வெச்சு எனக்கு சத்தியம் பண்ணான். இனிமே பைக்க ஓட்ட மாட்டேம்மான்னு. உனக்குத் தெரியுமா?

நாகேஷ்: தெரியும். அவன் மீறல ஆன்ட்டி. அத மட்டும் நம்புங்க.

தேவசுந்தரி: கையக் காட்டு. ரெண்டையும்.

நாகேஷ்: எதுக்கு... விடுங்க ஆன்ட்டி.

தேவசுந்தரி: அன்னிக்கு ஆடிக் கிருத்திகை. மலை மேல மடப்பள்ளியில கொதிக்கிற அண்டா சாஞ்சு ரெண்டு கையும் வெந்து போயி எங்க ஆஸ்பத்திரிக்கு வந்த. விரலு மடங்காத மாதிரி சுத்திக் கட்டு கட்டுன நர்ஸு யாரு? நான்தானே நைனா. கூட்டத்துல ஆட்டோ கெடைக்கலன்னு, உன்னை வீட்டுல விடத்தான் என் புள்ள சத்தியத்தையும் மீறி வண்டிய எடுத்தான். அடிபட்டதுல போட்ட கட்டுன்னு போலீஸு நெனச்சுகினாங்க. நான் கட்டுன கட்டு எனக்குத் தெரியாதா? அன்னிக்கே தெரியும். அவன் மீறிட்டான்னு ஒத்துக்க மனசு வராம உன் பொய்க்குப் பின்னாடி மூணு வருஷம் நானும் ஒளிஞ்சுகினு இருந்துட்டேன். நேத்து அதத்தான் எழுதிக் குடுத்தேன். இந்தா தண்ணி, கையக் கழுவிட்டு சாப்புடு.