பள்ளி வேன் ஐம்பது நிமிடம் தாமதமானது குறித்து

மேலே பெயரும் விலாசமும் எழுதப்பட்டுள்ள நான், மேற்படி விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். எனக்கு வயது நாற்பத்தாறு. கணவர் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை செய்கிறார். நான் ஆறு ஆண்டுகளாக ஒரு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி, எண்ணிப் பார்த்து, மாலையில் வீட்டு வாசலில் இறக்கிவிடும் வேலை செய்து வருகிறேன். பிள்ளைகள் என்னை வேன் அக்கா என்று கூப்பிடுவார்கள். எனக்கு அக்கா வயதில் இருக்கும் பெற்றோர்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் வேன் ஐம்பது நிமிடம் தாமதமாகப் போனது, மீதி நிறுத்தங்களுக்கு நான் வேனில் இல்லாமலே போனது ஆகிய இரண்டையும் பற்றிப் பெற்றோர் ஒருவர் கொடுத்த புகாரின் பேரில் காவல் நிலையத்தில் அதிகாரி என்னை விசாரித்தார். புகாரில் உள்ள இரண்டும் உண்மை.

இதில் வரும் பத்தாம் வகுப்பு மாணவிக்கு வயது பதினைந்து. அவள் தாயார் கேட்டுக்கொண்டதால் பெயரைச் சொல்லவில்லை. நான் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவேன். காலையில் ஏறும்போது ஆரம்பிக்கும் பேச்சு மாலையில் இறங்கும்போதும் முடியாது. வேன் கிளம்பிய பிறகு வாசலில் நின்று மிச்சத்தைக் கையால் ஜாடை காட்டி முடிப்பாள். தகப்பனார் சரக்கு லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். தாயார் துணி தைக்கும் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை பார்த்து ஆறு மணிக்குத்தான் வீடு வருவார்.

வேனின் கடைசி நீள இருக்கையில் அவளும் அவள் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து உட்காருவார்கள். அந்த மூவரில் உயரமான பிள்ளையை எல்லோரும் நெட்டை என்பார்கள். சுமார் ஏழு வாரங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் வாயாடி ஏறிப் பின்னால் போனபோது, அவள் இடத்தில் ஒரு பை இருந்தது. அவள் நின்றாள். மூவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பையை எடுத்துக் கீழே வைத்தேன். அதற்கு அவள், "வேணாம் அக்கா, நான் முன்னாடியே உக்காந்துக்கறேன்" என்று சொல்லி என் பக்கத்து இருக்கைக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு தினமும் அந்த இடத்தில் பை இருந்தது. யாரும் அவளை அடித்ததையோ திட்டியதையோ நான் பார்த்ததில்லை. அவளை மட்டும் விட்டுவிட்டு வகுப்புப் பிள்ளைகள் போனில் புதிதாக ஒரு குழு தொடங்கிய விஷயம் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

முதல் இரண்டு வாரம் அவள் என்னிடம் பேசிக்கொண்டு வந்தாள். உண்மையைச் சொன்னால், பேச்சுத் துணை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதன் பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அதன் பிறகு கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். பைகளை வாங்கி அடுக்குபவள் நான் என்பதால், அவள் சாப்பாட்டுப் பெட்டி காலையில் போன கனத்தோடே மாலையில் திரும்பி வந்தது எனக்குத் தெரியும். வகுப்பு ஆசிரியையைப் பார்த்துச் சொன்னேன். "பொண்ணுங்க சண்டை, நாலு நாள்ல அவங்களே சேந்துக்குவாங்க. நடுவுல போனா நமக்குத்தான் கெட்ட பேரு" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. அவளிடமும், "இதெல்லாம் ஒரு விஷயமா, விடு" என்று இரண்டு மூன்று முறை சொன்னேன். ஒரு நாள் அவள், "அக்கா, நான் வரலன்னா யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியும்டி, எண்ணும்போது ஒண்ணு குறையுமே" என்று விளையாட்டாகச் சொன்னேன். அவளும் சிரித்தாள். நான் அத்தோடு விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை அவள் தன் கலர் பேனாக்கள் எல்லாவற்றையும் முதல் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்தாள். என்னிடம் அன்று நன்றாகப் பேசினாள். பழையபடி ஆகிவிட்டாள் என்று நினைத்தேன். நாலே காலுக்கு அவள் வீட்டு வாசலில் இறங்கும்போது, "நாளைலேருந்து எனக்காக ஹாரன் அடிக்க வேணாம் அக்கா" என்றாள். "ஏன், ஊருக்குப் போறீங்களா?" என்று கேட்டதற்கு, "ஆமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு நான் பிள்ளைகளை எண்ணினேன். பதினொரு பேர் இருந்தார்கள்.

வேன் பெரிய சாலைக்கு வந்ததும் நெட்டை எழுந்து முன்னால் வந்தாள். ஓடும் வண்டியில் எழக்கூடாது என்று அதட்டினேன். அவள் உட்காரவில்லை. பள்ளிக்குக் கொண்டுவரக்கூடாத போனை எடுத்து என்னிடம் நீட்டி, "இதப் படிங்க அக்கா. நேத்து எங்க மூணு பேருக்கும் அனுப்பினா. நாங்க பதில் போடல" என்றாள். அதில், இனிமேல் தன்னால் யாருக்கும் தொந்தரவு இருக்காது, எல்லோரும் மன்னித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தது. "அவ நெஜமாவே ஊருக்குப் போறாளா? நாளைக்குக் கணக்குப் பரீட்சை இருக்கே" என்று நெட்டை கேட்டாள்.

நான் உடனே தாயாருக்குப் போன் செய்தேன். வேலை நேரத்தில் அங்கே போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம், மணி மட்டும் அடித்தது. பள்ளி அலுவலகத்திலும் யாரும் எடுக்கவில்லை. அதன் பிறகு ஓட்டுநரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். அவர், "பதினொரு பிள்ளைங்க இருக்காங்கம்மா, ரூட்டை மாத்தினா என் வேலை போயிடும்" என்றார். "யார் கேட்டாலும் நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க அண்ணே" என்றேன். "நீ சொன்னே சரி, ஸ்டியரிங் யார் கையில இருந்துச்சுன்னு கேப்பாங்களே" என்று சொல்லிக்கொண்டேதான் அவர் வண்டியைத் திருப்பினார். வண்டியைத் திருப்பச் சொன்னது நான் என்பதை இங்கே தெளிவாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தட்டினேன். சிறிது நேரம் கழித்து, "யாரு?" என்று கேட்டாள். "வேன் அக்கா" என்றேன். "எதையாவது விட்டுட்டேனாக்கா?" என்று கேட்டாள். இல்லை, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். எனக்குச் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியவில்லை. அதனால் கதவில் வாயை வைத்து, தெருவில் போகிறவர்களுக்குக் கேட்காதபடி, "செத்துப் போகலாம்னு நினைக்கிறியாம்மா?" என்று நேராகவே கேட்டேன். உள்ளே ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஓட்டுநர் நாலு நிமிடம் என்கிறார். அதன் பிறகு அவளே தாழைத் திறந்தாள். சீருடை மாற்றாமல் இருந்தாள். உடம்பில் காயம் எதுவும் இல்லை. அறையில் நான் பார்த்ததை மருத்துவரிடம் சொல்லிவிட்டேன்.

அவள் என்னிடம், "உங்களுக்கு லேட்டாகுதுக்கா, போங்க" என்றாள். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.

அந்நேரம் நெட்டையும் சொல்லாமல் இறங்கி வாசலுக்கு வந்துவிட்டாள். "நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்றாள். நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை வேண்டாம் என்று தலையாட்டினாள். அதனால் நெட்டையை உள்ளே விடவில்லை. அவளை வேனில் ஏற்றப் போனபோது என்னதான் நடந்தது என்று கேட்டேன். "என்னைப் பத்தி அவ ஏதோ சொன்னான்னு ஒருத்தி சொன்னாக்கா. அப்புறம் விசாரிச்சா அவ சொல்லவே இல்ல. ஆனா அதுக்குள்ள பேசாம இருந்து பழகிடுச்சு" என்றாள். அது தெரிந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டதற்கு, ஐந்து வாரம் என்றாள்.

உள்ளே இருந்த பிள்ளையைத் தனியாக விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஓட்டுநரிடம், ஒவ்வொரு பிள்ளையையும் கையைப் பிடித்து வாசலில் விடச் சொல்லி வேனை அனுப்பிவிட்டேன். நான் இல்லாமல் வேன் போனது இப்படித்தான். இது விதிக்கு மாறானது என்று எனக்குத் தெரியும். புகார் கொடுத்த பெற்றோர் தெருமுனையில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். அவர் பயந்தது நியாயம். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஆறு மணிக்குத் தாயார் வந்தார். நான் சொன்னதைக் கேட்டதும், "என் பொண்ணு அப்படியெல்லாம் நினைக்கிறவ இல்ல, யாருங்க நீங்க இதைச் சொல்ல?" என்று கோபப்பட்டார். அதற்கு அந்தப் பிள்ளை, "அம்மா, அக்கா சொல்றது சரிதான்" என்றாள். தாயார் கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலே வெகுநேரம் நின்றார். அதன் பிறகு மூவரும் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். மனநல மருத்துவர் அவளைத் தனியாகவும் தாயாரோடு சேர்த்தும் வைத்துப் பேசினார். வீட்டில் அவள் தனியாக இருக்கக் கூடாது என்று சொன்னார். தகப்பனார் மறுநாள் லாரியைப் பாதி வழியில் வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்து சேர்ந்தார். அவள் வாரம் இருமுறை மருத்துவரைப் பார்க்கப் போக வேண்டும். இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. நேற்று என்னிடம் போனில் பேசினாள். அதிகம் பேசவில்லை. தூக்கம் வருகிறது என்று மட்டும் சொன்னாள்.

பள்ளி நிர்வாகம் என்னைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்துள்ளது. ஓட்டுநர் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். மேலே ஓரிடத்தில் "தற்கொலைக்கு முயன்ற சிறுமி" என்று எழுதப்பட்டிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அவள் கதவைத் திறந்தாள் என்றுதான் சொன்னேன். அந்தத் தாள் எந்தெந்த மேசைக்கெல்லாம் போகுமோ தெரியாது, அவள் இன்னும் பரீட்சை எழுத வேண்டியவள், ஆகவே அதை அடித்துவிட்டுப் "பத்தாம் வகுப்பு மாணவி" என்று எழுதும்படி கேட்டுக்கொண்டேன். அதிகாரி சற்று யோசித்து, அப்படியே அடித்து எழுதினார். மற்றவை யாவும் நான் சொன்னபடியே, நடந்தபடியே உள்ளன. அடித்தல் ஒன்று. அதன் ஓரத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)