பதினாலு டேப்பு

— பரிச்சை லிஸ்டுல பேரு இல்லையா? நல்லாப் பாருங்க சார். தமிழ்மதி. அப்பா பேரு வீரையா.

— பேரு இருக்குக்கா. கடைசில இருக்கு. பதினாலாவது. செவப்புல.

— செவப்புன்னா?

— ஃபெயில். ஆக்சுவலா எங்க ஆபீஸ்ல அந்த வார்த்தைய சொல்றதில்ல. ‘மெதுவாக் கத்துக்குற பிள்ளை’ன்னு போடுவோம். மத்த பதிமூணு பேரும் பச்சை. ஜூன்ல அவங்கள கொடைக்கானல் ஹாஸ்டலுக்குக் கூட்டிட்டுப் போறோம். தமிழ்மதி இங்கயே இருப்பா. நாங்க குடுத்த டேப்லெட்டுல, அதான் அவ டேப்புல, வேற பாடம் வரும்.

— என்ன பாடம்?

— கணக்கு, சயின்ஸ் இருக்காது. தையல், பேக்கிங், அந்த மாதிரி. ஈஸிதான்க்கா.

— பேக்கிங்கா? நான் பூண்டு மூட்டை கட்டுறது பத்தாதா சார்? சுதாராணி டீச்சர் மாத்தலாகிப் போறப்ப என் கையப் புடிச்சுச் சொன்னாங்க. இவள எப்பாடு பட்டாவது டவுனுக்கு அனுப்பிரு அமிர்தவல்லின்னு.

— டீச்சர்னா ஒரு பிள்ளைய பிடிக்கும், ஒரு பிள்ளைய பிடிக்காது. டேப்புக்கு அதெல்லாம் கிடையாதுக்கா. பாருங்க, ரெண்டு வருஷத்துல இந்த மலையில ஒரு ஸ்கூல்லயும் கரும்பலகை இருக்காது. டீச்சர் லீவு, மண்ணு சரிஞ்சிருச்சு, பஸ் வரலங்குற பேச்சே இருக்காது. ஆக்சுவலா உங்க ஊருதான் மாடல். பதினாலுக்குப் பதிமூணு பாஸ்!

— திருப்பி ஒரு பரிச்சை வைங்க சார். இப்பவே வைங்க. காட்டுல பூண்டுத் தாள் அறுத்துக்கிட்டு நிக்கா, கூப்பிடுறேன்.

— முடியாதுக்கா. சிஸ்டம் லாக் ஆயிருச்சு. எட்டாவது வரைக்கும் இதுதான்.

— யாரு சார் அந்த சிஸ்டம்? எங்க இருக்காரு? நான் போயி கால்ல விழுறேன்.

— ஏத்தா அமிர்தம், என்னத்தா சத்தம்? மஞ்சு ஏறுது, புடுங்குன பூண்டு அப்படியே கெடக்கு. வெரசா வாத்தா.

— வாங்க ஆண்டிச்சாமி அண்ணே. ஒங்க மகன் கோகுல்ராஜ் பாசாம். பதிமூணு பிள்ளைகளும் பாசாம். என் மக மட்டும் பெயிலாம்.

— தமிழ்மதியா? பெயிலா? அது எப்படித்தா... சரி, விடு. பொட்டப்பிள்ளை, ஒன் கூடவே இருந்துட்டுப் போகுது.

— எப்படின்னு கேக்க வந்தீகள்ல? கேளுங்கண்ணே. சாரைக் கேளுங்க. கேக்க மாட்டீகளா? அப்ப நான் சொல்லிர்றேன். சார், பரிச்சை எழுதுனது...

— ஏத்தா, வாய மூடு.

— மூட மாட்டேன். சார், எங்க ஊருல மாத்தாளு வழக்கம். கூலிக்கு ஆள் கெடையாது. நான் இன்னைக்கு அவுக காட்டுல புடுங்குனா, நாளைக்கு அவுக என் காட்டுல வந்து புடுங்கணும். எங்க வீட்டுக்காரரு போனதுக்கப்புறம் எனக்கு ஒத்தக் கை. முக்கா ஏக்கர் பூண்டு. பரிச்சையும் பூண்டெடுப்பு நேரத்துலதான் வந்துச்சு.

— சொல்லுங்கக்கா.

— எல்லாரும் கூடிப் பேசினாக. பதினாலு பிள்ளையும் டேப்பு முன்னாடி ஒக்காந்தா காடு என்னாகுறது? தமிழ்மதி ஒக்காரட்டும், மத்ததுக எல்லாம் காட்டுக்கு வரட்டும்னு முடிவு. மொகத்தக் காட்டுனாத்தானே டேப்பு தெறக்கும்? வெள்ளனே ஒவ்வொண்ணா வந்து மொகத்தக் காட்டிட்டு ஓடிரும். அப்புறம் அவ ஒருத்தியே பதினாலு டேப்புலயும் எழுதுவா. நாலு நாளு, சாணி மொழுகுன தரையில வரிசையா வச்சு, நகந்து நகந்து எழுதுனா. அதுக்குப் பதிலா என் காட்டுப் பூண்ட ஊரே புடுங்கிக் குடுத்துச்சு.

— தம்பி, இது சும்மா வயித்தெரிச்சல்ல பேசுது. நீங்க காதுல போட்டுக்காதீங்க.

— வயித்தெரிச்சல்தான்ணே! பத்து மாசம் சொமந்த வயிறு எரியத்தான் செய்யும். சார், தன்னோடதத்தான் மொதல்ல எழுதுனா. அதே பதிலத்தான் மத்த பதிமூணுலயும் தொட்டா. ஒரு எழுத்து மாறல. பதிமூணு பாசு, ஒண்ணு பெயிலுன்னா எப்படி சார்? மிசினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?

— மெதுவாப் பேசுங்கக்கா.

— ஏத்தா, யோசிச்சுப் பேசு. பதிமூணு வீட்டு அடுப்புல மண்ண அள்ளிப் போடப் போற. அடுத்த போகத்துக்கு ஒன் காட்டுல யாரு காலு வைப்பா? அழுகிப் போகட்டும்னு விட்டுருவோம், தெரிஞ்சுக்க.

— அழுகட்டும். சார், இவ்வளவு சொல்றேன், ஒரு வார்த்தை ‘அப்படியா’ன்னு கேக்கல?

— எனக்குத் தெரியும்க்கா.

— என்ன தெரியும்?

— டேப்பு தெறக்குறப்ப மட்டும் கேமரா பாக்கும்னு நெனச்சுட்டீங்க. முடியுற வரைக்கும் பாத்துக்கிட்டேதான் இருக்கும். பதினாலு டேப்புலயும் ஒரே மொகம். மொத நாள் சாயங்காலமே ஆபீஸ்ல பாத்துட்டாங்க.

— அய்யய்யோ. தம்பி, எங்க பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?

— ஆகாதுண்ணே. இந்த ரிசல்ட்ட காட்டித்தான் இன்னும் அறுபது ஊருல டீச்சர எடுத்துட்டு டேப்பு குடுக்கப் போறாங்க. பச்சைய யாரும் தொட மாட்டாங்க. தைரியமா இருங்க.

— அந்தப் பிள்ளைக ஒண்ணும் படிக்கலையே சார். ஹாஸ்டல்ல போயி என்ன பண்ணும்?

— அங்கயும் டேப்புதான்க்கா.

— நான் சும்மா விட மாட்டேன். நாளைக்கே மொத பஸ்சுல திண்டுக்கல் போறேன். பெரிய ஆபீசர் முன்னாடி என் பிள்ளைய நிறுத்துறேன். அவளே சொல்லுவா, எல்லாத்தையும் நாந்தான் எழுதுனேன்னு. ஒவ்வொரு கேள்வியும் மனப்பாடமாச் சொல்லுவா. அப்ப தெரியும்ல?

— தம்பி, இவ செஞ்சாலும் செஞ்சுருவா. ஏதாவது பண்ணுங்க.

— பண்ண வேண்டியதில்லண்ணே. அக்கா, என் மேல கோவப்படாதீங்க. நான் சொல்றத மட்டும் செய்யுற ஆளு. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. அவரு உக்கார வச்சுக் கேப்பாரு. கேட்டுட்டு இந்த லிஸ்ட எடுத்துப் பாப்பாரு.

— பாக்கட்டும்.

— பாத்துட்டு, பெயிலான பிள்ளை எப்படிம்மா பதிமூணு பேர பாஸ் பண்ண வைக்கும்னு உங்களத்தான் கேப்பாரு. அதுக்குத்தான்க்கா அவள செவப்புல போட்டாங்க.