பச்சையாகவே இருந்த திரை

ஆபீசுக்கு நான் எப்போதும் படியேறித்தான் போவேன். நாலு மாடிதானே, முழங்காலுக்கும் நல்லது. நீங்கள் லிஃப்டைப் பற்றி விசாரிக்க வந்ததால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

லிஃப்டுக்குள் மாட்டியவர் அபாயப் பொத்தானை அழுத்தினால் ஆபீசில் இருக்கும் எங்கள் திரை சிவப்பாக வேண்டும். அந்தப் புரோகிராம் என்னுடையது. அதில் ஓர் ஓட்டை இருந்தது. லிஃப்டுக்கும் எங்களுக்கும் நடுவே இணைப்பு அறுந்துபோனால், அறுந்தது என்று யாரும் வந்து சொல்வதில்லை. செய்தி ஏதும் வராது. திரை அதுபாட்டுக்குப் பச்சையாகவே இருக்கும். பத்து விநாடிக்கு ஒருமுறை “இருக்கியா?” என்று கேட்டு, பதில் வராவிட்டால் சிவப்பாக்க வேண்டும். இரண்டு நாள் வேலை.

அந்த இரண்டு நாளை மேனேஜரிடம் ஏழு தடவை கேட்டேன்.

“ஏம்ப்பா, இல்லாத பேய்க்கெல்லாம் பயந்து சாகற? ஒரு தடவையாவது நடந்திருக்கா? நடந்தா பாக்கலாம்” என்றார்.

நியாயமான பேச்சு.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு நடந்தது. விடுமுறை, கட்டடத்தில் நாங்கள் இருவர்தான். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. உள்ளே மேனேஜர், போனுக்கு சிக்னல் கிடையாது. திரை பச்சை. நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. உடனே இறங்கிப்போய்க் கதவருகே நின்றேன்.

“சார், காத்து வருதா?”

“வருதுப்பா. சீக்கிரம் மெக்கானிக்கக் கூப்பிடு.”

“கூப்பிடறேன் சார். ரெண்டு நாள் வேலைன்னு சொன்னேன்ல? நீங்க உள்ள இருந்தா இன்னிக்கே முடிச்சிடலாம்.”

திட்டினார். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் “இருக்கியா?”வை அனுப்பியபோது, இணைப்பு செத்திருந்தும், போய்விட்டதாகவே புரோகிராம் பொய் சொன்னது. இரண்டாவதை அனுப்பியதும் புரோகிராமே பொசுக்கென்று செத்தது. அப்படிச் சாகாமல், வரும் பிழையை வாங்கிப் பார்க்கும்படி மாற்றினேன். ஒரு மணிக்குச் சாப்பிட்டேன். அவர் பட்டினி என்ற உறுத்தலில் பாதிதான் இறங்கியது. நாலே காலுக்குத் திரை சிவந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“சார், வேலை செய்யுது சார்!” என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பாராட்டவில்லை. பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

திரைக்கு வரும் இணைப்புக் கேபிளைப் பிடுங்கியது யார், லிஃப்டை நிறுத்தியது யார் என்றுதானே கேட்கிறீர்கள்? இரண்டும் நான்தான். அது தானாக நடக்கட்டும் என்று விட்டிருந்தால், பாவம், யாராவது நல்ல மனிதர் மாட்டியிருப்பார்.