உலராத பல்லின் மேல் ஒரு துளி

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் எவால்தோ அவர்களே, ஏழாம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்து நேரே வந்திருக்கும் பெலேம் நகரத்து மருத்துவர்களே, கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் சந்தைத் தாய்மார்களே, வணக்கம்!

நம் டாக்டர் ஜுரேமா பாந்தோஜா போய்விட்டார். அவரோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவன் நான்.  அவரைப் பற்றிப் பேசியே தீருவேன்.

பல்லின் வேருக்குள் ஊசி நுழையாத சந்துபொந்துகள் உண்டு. கிருமி குடியிருப்பது அங்கேதான். நாம் ஊற்றிக் கழுவும் மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் பல்லின் உட்சுவரில் பரவாமல் முத்தாக உருண்டு நிற்கும். பரவாத மருந்தால் யாருக்கு என்ன பயன்? அந்தத் துளியைப் பரவ வைக்கவே தம் ஆயுளைக் கொடுத்தவர் நம் ஜுரேமா.

ஒருநாள் அவர் கலந்த மருந்து கண்ணெதிரே பரவியது. பாராட்டு விழாவுக்கு நாளும் குறித்தோம். அந்த வாரமே, இதோ முன்வரிசையில் இருக்கும் அசாயிப் பழச்சாறு விற்கும் ஒசரினா அம்மையார், அந்த மருந்தால் கழுவிய பல்லோடு, கன்னம் வீங்கி வந்து நின்றார்.

"என்ன டாக்டரம்மா, உங்க மருந்து பாதி வழியிலேயே நின்னுடுச்சா?"

ஜுரேமா சிரிக்கவில்லை. ஆய்வறையில், பிடுங்கிய பல்லைச் சீவி, மெருகேற்றி, காற்றடித்து உலர்த்தி, அதன்மேல் துளி விட்டுப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். வாய்க்குள் எந்தப் பல் ஐயா உலர்ந்திருக்கிறது? ஈரப் பல்லில் விட்டுப் பார்த்தார். முன்பே நீர் நிறைந்திருந்த நுண்துளைகளுக்குள் மருந்து இறங்கவில்லை.

ஒரு பல்தானே, விழா முடியட்டும் என்றோம்.

"ஒரு பல்லுதான். அந்தம்மா அதாலதானே மெல்லணும்?" என்றார். விழா மேடையிலேயே தம் மருந்து தோற்றதென்று அறிவித்தார். ஒசரினாவின் பல்லை மறுபடி திறந்து காப்பாற்றினார். மறுநாளே முதலிலிருந்து தொடங்கினார். தோல்வியை இப்படி நிமிர்ந்து நின்று சொன்னவர் நம்மில் வேறு யார்?

அந்த வேலை பாதியில் நிற்கிறது. அவருடைய ஆய்வறையைச் சாமான் அறையாக்க வேண்டும், சாவியைக் கொடுங்கள் என்று நேற்று முதல்வர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. முதல்வர் அவர்களே, உங்கள் முன்னாலேயே சொல்கிறேன், கொடுக்கவும் மாட்டேன்.

மேடையேறுமுன் ஒசரினா என் கையைப் பிடித்துக் கேட்டார்: "இனிமே யாருப்பா ஈரப் பல்லுல ஊத்திப் பாப்பாங்க?"

நாங்கள் பார்ப்போம், அம்மா. சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. நாளைக் காலை அறை திறக்கும்.