திறந்தே கிடந்த டெர்மினல்

— தோள்பட்டை கழண்டு விழுற மாதிரி வலிக்குது, பெவன். காலையிலருந்து மழையில வாழைத்தார் சுமந்திருக்கேன். டீ குடிக்க விட்ட நேரம் இது. சட்டுனு சொல்லு.

— டார்சி, மேட், சர்க்கரை ஆலை நின்னுபோச்சு. எடை போடுற சர்வர்ல எதைத் தட்டினாலும் "அப்படி ஒண்ணு இல்லை"ங்குது.

— மேட், தோஸ்துன்னு கொஞ்சாதே. எதைப் பிடுங்கினே?

— பழைய பிரிண்டரோட சாஃப்ட்வேரை எடுக்கலாம்னு பார்த்தேன். கூடவே லிப்சியும் போயிடுச்சு, மேட்.

— லிப்சியா! மத்த புரோகிராம் எல்லாம் அதுமேலதானேடா நிக்குது. அது லேசுல போகாதே. "ஆமா, நான் சொன்னபடி செய்"னு முழு வாக்கியத்தையும் அடிக்கச் சொல்லியிருக்குமே?

— அடிச்சேன்.

— ஆச்சரியக்குறியோட?

— ஆச்சரியக்குறியோட.

— வீட்டுல அப்படிச் சொல்ல உனக்கு வாய்ச்சதே இல்ல. ஆசையா அடிச்சிருப்பே.

— சிரிக்காதே, மேட். தண்டவாளம் பூரா வண்டி வண்டியா கரும்பு நிக்குது, இந்தப் புழுக்கத்துல புளிச்சுடும். "டார்சி போன வழியில நீயும் போகப் போறே"ங்கிறார் மேனேஜர்.

— போன வருஷம் நானும் இதையேதான் பிடுங்கினேன். டிஸ்க்கைக் கழட்டி மீட்க ரெண்டு நாள். என்னை வெளியே தள்ளி, எனக்குக் கீழே வேலை பார்த்த உன்னை என் நாற்காலியில உக்கார வச்சாங்க.

— அதுக்கப்புறம் நீ இதைக் கரைச்சுக் குடிச்சிட்டேன்னு சொன்னாங்க. அதான் கூப்பிட்டேன்.

— வேலை போன பிறகு வேற என்ன பண்ண? கேளு. ரூட்டா, அதான் முழு அதிகாரத்தோட, நுழைஞ்ச டெர்மினல் ஜன்னல் ஏதாவது திறந்திருக்கா? புதுசா இனி எவனும் உள்ளே வர முடியாது.

— ஒண்ணு இருக்கு.

— மூடித் தொலைச்சுடாதே. அதுல பிஸிபாக்ஸ்னு அடி. மத்த எதையும் நம்பாம தனியா ஓடுறது அது ஒண்ணுதான்.

— அட, பதில் சொல்லுது!

— லேப்ல இருக்கிற மெஷினும் அதே வெர்ஷன். அதுலருந்து லிப்சி பேக்கேஜை இதுக்கு இறக்கு. எனக்கு ஒருவாட்டி படிச்சுக் காட்டிட்டு என்டர் தட்டு.

— ...சரியா இருக்கா? தட்டிட்டேன். இறங்குது. நல்லவேளை மேட், என் பழக்கம் கைகொடுத்துச்சு. ஆபீஸ்ல ஒண்ணு, வீட்டு லேப்டாப்ல ஒண்ணு, இந்த சர்வருக்குள்ள ரூட்டா திறந்தே கிடக்கும்.

— எப்பவுமா?

— ஆலையில சேர்ந்த நாள்லருந்து. அதை மூடித் தொலையேன்னு வீட்டுக்காரி கத்துவா.

— வீட்டு லேப்டாப்லயும்?

— அதுலயும்தான். இறங்கிடுச்சு. அடுத்து என்ன?

— எக்ஸிட்னு அடி.

— எக்ஸிட்டா? அது வெளியே போறதாச்சே... சரி, நீ சொன்னா அடிக்கிறேன், மேட்.

— வேணாம்! கையை எடு. அடிக்காதே.

— என்னடா விளையாட்டு இது? எனக்கு வேர்த்துக் கொட்டுது.

— எனக்கு நேரமாகுது, கங்காணி கூப்பிடுறான். என் தங்கச்சி புருஷன் கரும்பும் அந்தத் தண்டவாளத்துலதான் நிக்குது. அவனுக்காகச் சொல்றேன். பிஸிபாக்ஸை வச்சே பேக்கேஜைப் பிரி. உள்ளே இருக்கிறதை எல்லாம் பழைய இடத்துல போடு. இப்ப எல்எஸ் அடி, ஃபைல் பட்டியல் வருதா பாரு.

— வந்துடுச்சு! மேட், எல்லாம் வந்துடுச்சு!

— மிச்சத்தை, புரோகிராம் இறக்கிப் போடுற ஆப்ட்டை வச்சுச் சரிபண்ணிக்கோ.

— நீ தெய்வம்டா. உனக்கு ஒரு கார்ட்டன் பீர் கடன்பட்டிருக்கேன்.

— பீரை நீயே குடி. போன வருஷம் சர்வர் வித்தவன் போன்ல, "ரூட்டா யாராவது உள்ளே இருக்காங்களா, இருந்தா அரைமணியில மீட்டுடலாம்"னான். உடனே உன் வீட்டுக்குத்தான் கூப்பிட்டேன். "ஒண்ணும் திறந்து வைக்கலையே, மேட்"னே. நீ எனக்குத் தர வேண்டியது என் வேலை, பெவன்.