லைன் பிரியாணியில் ஒரு பிளைட் டிக்கெட்

காலையில் நைட் ஷிப்ட் முடிந்து, ஒரகடத்திலிருந்து குன்றத்தூர் வழியாகப் போகும் கம்பெனி பஸ். என் முன் சீட்டில் ஒரே அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் இருவர்.

"நீ போற பிளைட்டுல பாதி எங்க பிரியாணி, தெரியும்ல?" என்றார் மூத்தவர். என் தூக்கம் அதோடு போயிற்று.

"தெரியும்ணே. லைன்ல யாரு இன்னா வாங்குனாலும் என் கிரெடிட் கார்டுலதான தேச்சீங்க."

"உடனே காசு குடுத்துட்டோம். பாயிண்டு மட்டும் உனுக்கு."

"அதான் இப்ப காப்பாத்துச்சு. அவளுக்கு வலி வந்துடுச்சுன்னு மதுரைலேர்ந்து மாமியார் போன். இன்னிக்கு டிக்கெட் வெலைய பாத்தா தல சுத்துது. டிக்கெட்டுக்கு அந்த பாயிண்ட போட்டேன், வரி மட்டும்தான் கட்டுனேன்."

"அப்ப கொழந்த போட்டோ மொதல்ல லைன் குரூப்புக்கு வரணும்."

"எங்கம்மா கொன்னுடுவாங்கண்ணே."

"அப்ப திரும்பி வரசொல்ல பஸ்ஸுல வா."

இருவரும் சிரித்தார்கள். குன்றத்தூரில், ஏர்போர்ட்டுக்கு ஆட்டோ பிடிக்க இளையவர் எழுந்தார். மூத்தவர் அவர் காலைப் பார்த்தார்.

"டேய், சேப்டி ஷூவோடவா பிளைட் ஏறப் போற?"

"அவசரத்துல மாத்தாம வந்துட்டேண்ணே."

"முன்னாடி பூரா இரும்பு. செக்கிங்ல நிறுத்தி வெச்சுடுவான். கழட்டு."

தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். இளையவர் அதை மாட்டிக்கொண்டு ஓடினார். பஸ் கிளம்பியதும், ஷூவை மடியில் வைத்துக்கொண்டு மூத்தவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"போட்டோவ அம்மாவுக்கே மொதல்ல அனுப்பு. ஆனா செருப்பு புதுசுடா. கோயில் மாதிரி வெளிய வுட்டுட்டு ஏறிடாத."